பொதியில் வந்த சட்டை

நோன்புப் பெருநாள் நெருங்கியதும் நம் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாகிவிட்டதா என்பதே. அவ்வுடுப்பு புதியதாகவே இருத்தல் வேண்டும் என நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தவன் நான். அதற்குக் காரணம் உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர்ப் பெரிய வீடொன்றிலிருந்து வந்த நீலச் சட்டையை அணிந்து பெருநாள் தொழுகைக்குச் சென்றேன். தொழுகை முடிந்து வெளியே வருகையில் அவ்வீட்டுப் பையன் என்னைச் சுட்டிக்காட்டி, "அது என் சட்டை" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வீடு சேரும்வரை மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்தேன்.

சென்ற ஆண்டு மலேசியாவில், கிள்ளானில் வாழும் என் மகள் வீட்டில் பெருநாளைக் கழித்தேன். பேரனுக்கு உடுப்பு எடுக்க அவள் என்னைப் 'பண்டல்' கடைக்கு அழைத்துச் சென்றாள். ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து பொதி பொதியாக வந்திறங்கும் பழைய ஆடைகளை விற்கும் கடை அது. என் முகம் சுருங்கிற்று.

"மாப்பிள்ளைக்கு வருமானம் போதவில்லையாம்மா?" என்று கேட்டேவிட்டேன்.

"அதெல்லாம் இல்லை, அத்தா. துணி நைவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறான். இதைப் போட்டிருந்த பிள்ளையும் அப்படி வளர்ந்திருப்பான்" என்றாள்.

கழுத்துப்பட்டையை விரித்துப் பார்த்தாள். முழங்கைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்து நோக்கினாள். உட்புறம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள். அளவில் சற்றுப் பெரிதாகவே தேர்ந்தாள். முடிவில், பித்தான் ஒன்றும் குறையாத கோடு போட்ட சட்டை ஒன்று கைக்கு வந்தது. அதன் அழகில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'யார் உடுத்தியதோ' என்று மனம் முரண்டிற்று. ஐயத்தால் உறுதி நீங்காது என்னும் ஃபிக்ஹு விதியை மாணவர்க்குக் கற்பிப்பவன் நான். அசுத்தம் பட்டதாகத் தெரியாத துணி தூயதே. ஆயினும் மகள் அதனை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினாள்.

இத்தகைய உடுப்பைச் சிரியாவிலும் லெபனானிலும் 'பாலா' என்பர், கென்யாவில் 'மிதும்பா' என்பர், மலேசியாவில் 'பண்டல்'. மூன்றும் பொதியைக் குறிக்கும் சொற்களே. உடுப்பு வந்த விதத்தை அவை சொல்கின்றன. முன்பு உடுத்தியவரைச் சொல்வதில்லை.

பெருநாளன்று பேரன் அச்சட்டையோடு ஓடியாடினான். "அது என்னுடையது" என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அன்று என்னை வருத்தியது பழந்துணியன்று. கொடுத்தவர் இன்னாரென்று ஊரறிய நின்றதே.

ஊர் திரும்பியதும், பேரப்பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல உடுப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். என் மனைவி அவற்றைத் துவைத்து, அறுந்த பித்தான்களைத் தைத்து மடித்தாள். எங்களை எவரும் அறியாத தொலைவூர் மதரஸா ஒன்றுக்கு அனுப்பிவைத்தேன். பொதியின்மேல் என் பெயரை எழுதவில்லை.