மறுநாள் எப்படி இருந்தது?

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். களைப்பை அளக்கத்தான் கருவி இல்லை. மலேசியாவின் கேரி தீவுத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளனாக (டிரசராக) வேலை பார்த்த எனக்குக் கேள்விதான் கருவி.

செம்பனைக் காட்டில் எல்லாருக்கும் அலுப்புதான். குலை வெட்டுபவருக்கும், குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் அக்காவுக்கும் பொழுது சாய்ந்தால் உடம்பு நோகும். தூங்கி எழுந்தால் போய்விடும். போகாவிட்டால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெரும்பாலும் ஏதாவது ஒன்று அகப்படும்.

ஒன்றும் அகப்படாமல், ஆறு மாதம் கடந்தும் ஆள் தேறவில்லை என்றால் நான் கேட்பது இதுதான்: "உடம்பு நல்லா இருந்த அன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க? மறுநாள் எப்படி இருந்துச்சு?"

கோவிட்டுக்குப் பிறகு இப்படி ஆன ஒரு பெண் சொன்னார்: "திருவிழாவுக்குச் சமைச்சேன் டிரசர். அன்னிக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டாம் நாள் படுத்தவதான், தலை வாரக் கையைத் தூக்க முடியல."

உழைப்புக்குப் பின் ஓரிரு நாள் கழித்தும் வந்து ஆளைச் சாய்க்கும் இந்தத் தளர்ச்சிதான் நாட்பட்ட சோர்வு நோயின் தனி அடையாளம். தூங்கியும் தெளியாத உடம்பு, பேச்சின் நடுவே சொல் மறப்பது, நின்றால் கிறுகிறுப்பு ஆகியவையும் கூட வரும். படுத்திருக்கும்போது நாடி பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்துப் பத்து நிமிடம் நிற்க வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பேன். துடிப்பு முப்பதுக்கு மேல் கூடி அப்படியே நின்றால் மருத்துவருக்கு எழுதி அனுப்புவேன். காசில்லாத சோதனை; விழுந்துவிடாமல் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 1969-லேயே இந்த நோயை நரம்பு மண்டல நோய்களில் சேர்த்துவிட்டது. இன்றும் குணமாக்கும் மருந்து இல்லை. "தினமும் கொஞ்சம் கூட்டி நட" என்ற பழைய அறிவுரையைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2021-இல் கைவிட்டது. இந்த நோயாளிக்கு அது தீங்கு என்பதே என் முடிவும். களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும். உட்கார்ந்து காய் நறுக்குங்கள், முக்காலியில் அமர்ந்து குளியுங்கள், நல்ல நாளில் நிலுவை வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பொறுக்கிய மூட்டைக்குக் கூலி வாங்குபவரிடம் இதைச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்கும். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கும் சட்டப்படி ஆண்டுக்கு 22 நாள்தான் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு (எம்.சி.) உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள் கிடைக்கும். இந்த நோய்க்கு யாரும் வார்டில் படுக்க வைப்பதில்லை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் கேட்டால், சுகமாக இருப்பவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாது என்று மருத்துவ வாரியம் ஏற்க வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரி என்றிருக்கும்போது எதைக் காட்டுவது?

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அன்று செய்த வேலை, அடுத்த இரண்டு நாள் உடம்பு இருந்த நிலை, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். எழுத முடியாதவருக்காகப் பிள்ளைகள் எழுதுங்கள். பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளானுக்கோ போகும்போது முதலில் அதை மருத்துவர் கையில் கொடுங்கள்.