கார் நிற்காத கார் ஷெட்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கடலைப் பார்த்துப் போகும் தெரு ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் உத்திரத்திலிருந்து நாலைந்து பலகைகள் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் தேதியும் எடையும் எழுதியிருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏதோ கருவாடு காயப்போட்ட மாதிரி தோன்றும். கிட்டத்தட்ட அதே வேலைதான்!

ஷெட்டுக்காரரின் அப்பா கட்டுமரத்தில் போனவர். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது மகனுக்கு இருபது வயது. அதற்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் போட்டுகள் வந்து இறங்கின. போட் வந்தால் உடைசல் வரும், உடைசல் வந்தால் ஒட்டுபவன் வேண்டும். அப்படித்தான் அவர் ரெசின் வாளியைத் தூக்கினார். ஊருக்கு வடக்கே தந்திராயன்குப்பத்தில், செரினிட்டி பீச் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில், கல்லியாலே சர்ஃப் பள்ளி வந்து, அலைச்சறுக்கு பிள்ளைகளுக்குப் பழக்கமான பிறகு, போட் ஒட்டுகிற கையைத் தேடி சர்ஃப் பலகைகளும் வந்தன. அதற்கும் பின்னால் வந்ததுதான் ஃபாயில் போர்டு. பெரும்பாலும் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளைகள் கொண்டு வருவது. விமானத்தில் வரும்போதே பாதி அடிபட்டிருக்கும்.

ஃபாயில் போர்டு என்றால் என்ன? ஐந்தடி நீளப் பலகை. அதன் அடியில் முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் நுனியில் விமானத்துக்கு இருப்பதைப் போல ஒரு சின்ன இறக்கை. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். இறக்கை மட்டும் தண்ணீருக்குள்ளேயே பறக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால்தான் முழங்கை நீள இறக்கை ஒரு ஆளைத் தூக்குகிறது. இது புதிய யோசனையும் இல்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல், தன் வயதான காலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்துத் திரிந்தவர். அவரது எச்.டி.-4 என்ற படகு 1919-இல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீருக்கு மேல் ஓடி உலக சாதனை படைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகளை மார்செய் கடலில் நடத்தினார்கள். பட்டம் கட்டி ஓட்டுகிற பந்தயமும், பாய் பிடித்து ஓட்டுகிற பந்தயம் ஒன்றும் ஃபாயில் பலகையின் மேல்தான் நடந்தன.

நம் கடலுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், இதற்குப் பெரிய அலை தேவையில்லை. சாதாரண சர்ஃப் பலகை படுத்துவிடும் சோம்பல் அலையில்கூட ஃபாயில் ஓடும்.

பலகையின் உள்ளே இருப்பது தெர்மாகோல்தான். டி.வி. பெட்டிக்குள் வருகிறதே, அதற்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் கெட்டியானது. அறுபது லிட்டர் கொள்ளளவுள்ள பலகைக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோலின் எடை ஒரு கிலோ இருநூறு கிராம்தான். மின்சாரத்தில் சூடாக்கிய நிக்ரோம் கம்பியால் அதை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொண்டு வருவார். மேலே கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் ரெசின்.

போட் பட்டறையில் கற்றதைப் பாதி மறக்க வேண்டியிருந்தது இந்த இடத்தில்தான். போட்டுக்கு ஊற்றுவது பாலியஸ்டர் ரெசின். அதைத் தெர்மாகோலில் ஊற்றினால் பல்லி முட்டை மிட்டாய் வாயில் கரைவது போலக் கரைந்து குழியாகிவிடும். இதற்கு எபாக்ஸிதான் வேண்டும். பட்டறையில் மழை வருகிற மாதிரி இருந்தால் கேட்டலிஸ்ட் நாலு சொட்டு கூட விடுவார்கள், சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் அந்தக் கைப்பழக்கம் செல்லாது. ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகாது. கடைசி வரை பிசுபிசு என்றே கிடக்கும். டப்பாவில் போட்ட அளவு என்னவோ அதைத் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். போட்டுக்குப் போடும் மேட்டும் இங்கே உதவாது. அந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் கரையும். எபாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணிதான் சரி.

மே மாதத்தில் இன்னொரு தொல்லை. ஒரு கப் நிறையக் கலந்து வைத்துவிட்டு போனில் பேசப் போனால், கப்பே புகைய ஆரம்பிக்கும். கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. காற்றின் ஈரத்தில் ரெசின் மேல் மெழுகு போல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் இரண்டும் ஒட்டாது. பாத்திரம் தேய்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படலம் விரலிலேயே தெரியும் என்று சொல்லி, வீட்டம்மா அந்த வேலையைத் தன்னிடம் வாங்கிக்கொண்டார்.

துணி பலகையோடு ஒட்டி இறுகுவதற்கு, பிளாஸ்டிக் பைக்குள் பலகையை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். இதற்கான பம்ப், வீட்டில் செத்துப்போன பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர்! உலகம் முழுக்க வீட்டில் பலகை செய்பவர்கள் கையாளும் தந்திரம் இது. காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சினால் போதும். அதுவே சதுர மீட்டருக்கு மூன்று டன்னுக்கு மேல் அழுத்தும். ஆசைப்பட்டு முழுக்க உறிஞ்சினால் தெர்மாகோல் அப்பளமாகிவிடும்.

இவ்வளவும் சாதாரண சர்ஃப் பலகைக்கும் பொதுதான். ஃபாயில் பலகையின் உயிர் இருப்பது அடியில், தண்டை முடுக்குகிற இடத்தில். அங்கே பலகைக்குள் இரண்டு தண்டவாளம் போல ஒரு பெட்டி புதைந்திருக்கும். அதில் நாலு போல்ட். ஓடுகிற வேகத்தில் இறக்கை மணல் திட்டிலோ கயிற்றிலோ தட்டினால் என்ன ஆகும்? 75 சென்டிமீட்டர் தண்டின் நுனியில் வெறும் 20 கிலோ இழுவை விழுந்தால்கூட, 16 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் போல்ட் ஜோடிகளில் 90 கிலோவுக்கு மேல் விழும். கடப்பாரை போட்டு ஆணி பிடுங்குகிற கணக்குதான். அதனால் பெட்டியைச் சுற்றித் தெர்மாகோலை வெட்டி எடுத்துவிட்டு, கெட்டியான பி.வி.சி. ஃபோமைப் பதித்து, மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் பாலம் போட வேண்டும். அவருக்கு ஒட்ட வருகிற பலகைகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் விரிசல் விட்டிருக்கும். தலைமுடி அளவு விரிசல். அது வழியாகக் கடல் உள்ளே போயிருக்கும்.

போன வருஷம் ஒரு தம்பி அப்படி ஒரு பலகையைக் கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை ராமேசுவரம் போக வேண்டும். காற்று நன்றாக இருக்கிறது, நண்பர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கொக்கித் தராசில் மாட்டினால் ஆறு கிலோ நூற்றைம்பது. விரிசலை வெட்டித் திறந்ததும், உள்ளே இருந்த உப்பு போக நல்ல தண்ணீர் விட்டு அலசினார்கள். உப்பு உள்ளே தங்கினால் எத்தனை நாள் காய வைத்தாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். பிறகு ஓட்டை கீழே இருக்கும்படி தொங்கவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாயிற்று. தினமும் காலையில் எடை. ஆறாம் நாள் ஐந்து கிலோ ஐந்நூற்று இருபது.

“வெளியில தொட்டா காஞ்சுதான்ணே இருக்கு. மூடிக் குடுத்துடுங்க.”

“நேத்திக்கும் இன்னிக்கும் அறுபது கிராம் எறங்கியிருக்கு தம்பி. எறங்குறது நிக்கட்டும்.”

“நான் பாத்துக்கறேன்ணே. எதாவது ஆனா உங்களைக் கேக்க மாட்டேன்.”

“நீ கேக்க மாட்ட. உங்கம்மா கேப்பாங்க.”

தம்பிக்குக் கோபம். அட்வான்ஸ் கொடுத்த இரண்டாயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரம் வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது என்பது வீட்டம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே போய் எடுத்து வந்தது அவர்தான். “பலகை இங்கயே இருக்கட்டும் தம்பி. நீங்க வேற ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போய்ட்டு வாங்க” என்றார்.

இது பிடிவாதம் மாதிரி தெரியும். ஆனால் ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், ரெசின் அந்த இடத்தில் பிடிக்காது. வெயிலில் பலகை சூடேறும்போது உள்ளே ஆவி கிளம்பி மேல் தோலைக் கொப்புளமாகத் தூக்கும். பெட்டியைச் சுற்றி மெல்ல மெல்ல சொதசொதப்பாகும். வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். ஒருநாள் வேகத்தில் போகும்போது தண்டும் இறக்கையும் கழன்று போகும். அந்த இறக்கையின் ஓரம் மெல்லியது. குளிக்கிற பிள்ளைகள் நிற்கும் ஆழத்தில் அது என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும்.

ஒன்பதாம் நாள் ஐந்து நானூற்றுப் பத்து. அடுத்த நாள் ஐந்து நானூறு. அதற்கடுத்த இரண்டு நாளும் தராசு அசையவில்லை. அப்புறம்தான் மூடினார். ராமேசுவரத்திலிருந்து திரும்பி வந்த தம்பி, டேப்பில் இருந்த எண்களை வரிசையாகப் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துப் போனார். இப்போது பலகை அனுப்புகிற நண்பர்களிடம் ‘முதல்ல வெய்ட் போடச் சொல்லுங்க’ என்று சொல்வது அவர்தானாம்.

இந்தக் கரைக்கு இது புதுப் பாடமா என்ன? கட்டுமரம் என்பதே கட்டி அவிழ்க்கிற மரம். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காய வைப்பார்கள். நனைந்து ஊறிய மரம் கனக்கும், அலையில் எழும்பாது. டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வெளியான தன் பயணப் புத்தகத்தில் இந்த மரங்களைப் பற்றி எழுதி, அந்தத் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலத்தில் பயன்படுத்தினார். சொல் உலகம் சுற்றியது. காய வைக்க மணல்தான் இங்கே இல்லாமல் போனது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல்தடுப்பு கட்டிய பிறகு வடக்கே நகர்ந்து வரும் மணல் தடைபட்டு, வடக்குப் பக்கக் குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. அவருடைய அப்பா இருந்த கரை இப்போது கருங்கல் குவியல்.

ஷெட்டில் வீட்டம்மா போட்ட சட்டங்கள் சில உண்டு. தேய்க்கும்போது போட்ட துணி வீட்டுத் துணியோடு வாஷிங் மெஷினில் போகக் கூடாது. கண்ணாடித் தூள் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். தேய்க்கும்போது தூசிக்கு முகமூடி. கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடக் கூடாது. ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால் ஆயுசுக்கும் ஒவ்வாது. அப்புறம் தொழிலையே விட வேண்டியதுதான். கையில் பட்டுவிட்டால் தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, அது ரெசினைத் தோலுக்குள்ளேயே கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும்தான். போட் பட்டறை நாட்களில் இதை ஒருவரும் சொல்லவில்லை. வெறுங்கையால் ரெசின் தடவியவர்கள் எத்தனையோ பேர்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் ஊரை நனைத்த இரவில், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ரெசின் டின்களை மாடிப்படியில் ஏற்றினார்கள். பலகைகள் உத்திரத்தில் தொங்கியதால் தப்பித்தன. ஆனால் டேப்பில் எழுதியிருந்த எடை எல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் போனது. காற்றே ஈரமாக இருந்த அந்த இரண்டு வாரமும் ஒரு பலகையையும் மூடவில்லை, வருமானமும் இல்லை.

முடிந்த பலகையை ஒப்படைக்கும்போது போல்ட்டுக்கு கிரீஸ் தடவச் சொல்வார். அலுமினியத் தண்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு கழற்றவே வராது. மத்தியான வெயிலில் காருக்குள் பலகையை வைக்காதே என்பார். அப்புறம் ஒன்று சொல்வார், அதைத் தம்பிகள் முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். கடலில் இறங்குமுன் கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போய், “வலை எந்தப் பக்கம் கெடக்கு பெரியப்பா?” என்று கேட்க வேண்டும். கரைக்குக் கிட்டேயே வலை போடுகிற நாட்கள் உண்டு. பலகை தண்ணீருக்கு மேலே போனாலும் இறக்கை முக்கால் மீட்டர் ஆழத்தில் கத்தி மாதிரி போகிறது; வலையில் மாட்டினால் ஓட்டுகிறவருக்கும் ஆபத்து, வலைக்காரருக்கும் நஷ்டம். பெரியவர்கள் பெரும்பாலும் மிதவை இருக்கும் பக்கம் கையை நீட்டிக் காட்டுவார்கள். சில நாள் “இன்னிக்கு வேணாம், நாளைக்கு வா” என்பார்கள். அன்றைக்கு ஓட்டம் கிடையாது.