இடைவெளி விட்டால் பொருள் மாறும்

நோர்வேயில் புகைபிடிக்கக் கூடாத இடங்களில் "ரொய்க்ஃப்ரிட்" என்று ஒரே சொல்லாக எழுதியிருக்கும். அதையே "ரொய்க் ஃப்ரிட்" என்று இடம்விட்டு எழுதினால், "தாராளமாகப் புகையுங்கள்" என்று பொருள் தலைகீழாகிவிடும்!

நோர்வேஜிய மொழியில் கூட்டுச்சொல்லைச் சேர்த்து எழுதுவது காதில் கேட்பதை அப்படியே எழுதுவதுதான். பெரும்பாலும் முதல் உறுப்பின் மேல் முழு அழுத்தம் விழும். அடுத்த உறுப்பு சற்றுக் குறைந்த அழுத்தத்தோடு பின்னால் வரும். "லம்மெலோர்" என்று அப்படிச் சொன்னால் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. "லம்மெ", "லோர்" இரண்டையும் சமமாக அழுத்தினால் செயலிழந்த தொடைகள்.

அடுத்தது, சொல்லை எங்கே பிரிப்பது என்பது. "பீல்டெக்" என்றால் கார் டயர். எழுத்தில் பார்த்தால் படத்தைக் குறிக்கும் "பில்டெ" முதலில் கண்ணில் படும். ஆனால் காரைக் குறிக்கும் "பீல்" நெடில், "பில்டெ" குறில். வாசிப்பவர் பிரிக்கும் இடம் தவறினால் உச்சரிப்பும் தவறும்.

பேருந்து நிறுத்தத்துக்கான "புஸ்ஸ்டொப்" இன்னும் அழகு. நோர்வேஜிய எழுத்தில் "புஸ்" இரண்டு 'ஸ்'ஸில் முடிகிறது, "ஸ்டொப்" இன்னொன்றில் தொடங்குகிறது. சேர்த்து எழுதும்போது மூன்று இரண்டாகக் குறையும்; வரிக் கடைசியில் உடைத்தால் மூன்றாவது திரும்பி வந்துவிடும்.

புதிதாகப் படிக்கும் நம் பிள்ளைகளே, நீண்ட சொல்லைக் கண்டு மலைக்காதீர்கள். முதலில் இணைப்பைத் தேடுங்கள், முதல் உறுப்பை அழுத்திச் சொல்லுங்கள். குறில் நெடில் பழகிய காது உங்களுடையது, அதை நம்புங்கள்.