செத்தும் சாகாத வீரர்கள்

1986-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ஓர் ஆர்கேட் கேம் வெளியிட்டது. பெயர் 'கென்பெய் தோமாதென்'. எதிரே வருகிறவர்களை எல்லாம் வாளால் வெட்டித் தள்ளிக்கொண்டே போகும் ரகம். இதில் வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் ககெகியோ ஏற்கெனவே செத்துப்போனவன்! மறுபடி எழுந்து வந்து, கமகுராவில் இருக்கும் யோரிதோமோவைப் பழிவாங்கப் புறப்படுகிறான். அவனுடைய உயிரைத் திரையில் மெழுகுவர்த்திகளாகக் காட்டுவார்கள். அடி வாங்க வாங்க மெழுகுவர்த்தி குறையும். 1992-ல் இரண்டாம் பாகமும் வந்தது.

ககெகியோ கற்பனைப் பாத்திரம் இல்லை. 1185-ல் தான்னோஉரா கடற்போரில் அழிந்துபோன தைரா குலத்து வீரன். ஜெயித்தது யோரிதோமோவின் மினமோதோ குலம். அதாவது, சரித்திரத்தில் தோற்றவன் 800 வருஷம் கழித்து கேமில் திரும்பி வந்து ஜெயிக்கிறான்.

தோற்றவனைச் சாகவிடாத இப்படி ஒரு கதை சங்கரன்கோவிலிலும் உண்டு.

நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர், ஆற்காட்டு நவாபுக்கும் கும்பெனிக்கும் வரி கட்ட மறுத்தவர். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்தும் அவரைப் பணியவைக்க முடியவில்லை. 1761-ல் யூசுப்கான் அவருடைய கோட்டைகளைப் பிடித்தார். அதற்குப் பிறகு நடந்ததாக மக்கள் சொல்வது இதுதான்: கைதான பூலித்தேவர், சங்கரநாராயணரைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டாராம். கோயிலுக்குள் போனதும் விலங்குகள் தெறித்தன, ஒரு ஜோதியில் அவர் மறைந்துவிட்டார்! கோயிலில் 'பூலித்தேவர் அறை' என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

இது வெறும் அதிசயக் கதைதானா? 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில், மற்ற பாளையக்காரர்கள் பார்க்கும்படி தூக்கில் போட்டது கும்பெனி. எதிர்த்தவன் செத்துவிட்டான் என்று எல்லோரும் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதுதான் திட்டம். பூலித்தேவர் கதையில் அந்தக் காட்சிக்கே இடமில்லை. உடல் கிடைக்காதபோது, 'முடித்துவிட்டோம்' என்று யார் சொல்ல முடியும்?

ஒரு வித்தியாசம் உண்டு. கேமில் யோரிதோமோ விழுந்தால் ககெகியோவின் வேலை முடிந்தது. பூலித்தேவர் கதையில் பழிவாங்கலும் இல்லை, முடிவும் இல்லை. ககெகியோவை எழுப்ப மெஷினில் காசு போடவேண்டும். பூலித்தேவருக்கு, அந்த அறையைக் காட்டி ஒரு தாத்தா பேரனிடம் கதை சொன்னால் போதும்.