ரெங்காஸ் மரம் கற்பித்த பாடம்

இந்நாட்டு ஆற்றங்கரைகளில் ரெங்காஸ் என்னும் மரம் வளர்கின்றது. அதன் வைரம் கருஞ்சிவப்பு. ஊடே கரிய வரிகள் ஓடும். மேசைக்கும் பெட்டிக்கும் அத்துணை அழகிய பலகை கிடைப்பதரிது. ஆயின் அதன் பால் கொடியது. காற்றுப் பட்டால் கறுக்கும். மேனியிற் பட்டால் கொப்புளிக்கச் செய்யும்.

நாம் பணிபுரியும் தோட்டத்தில், ஆற்றோரம் சாய்ந்த ரெங்காஸ் ஒன்றை இரு தொழிலாளர் அறுத்தனர். 3-ஆம் நாள் ஒருவருக்கு முகம் வீங்கிக் கண்கள் மூடின. மற்றவருக்கோ ஒன்றுமில்லை. "முனி அடித்துவிட்டது" என்று லயத்தார் சேவல் பலியிட்டனர். அது கேட்டு நாம் நகைத்தோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற கிராணியல்லவா! "ஒரே மரத்தை அறுத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருமா? இது வேலைக்கு அஞ்சிய சாக்கு" என்று, அவரைச் சென்று பாராமலே, செக்குரோலில் 4 நாட்கள் 'வரவில்லை' என எழுதினோம். கூலி போயிற்று.

அம்மரத்தின் பலகை இரண்டை வாங்கி, மாலைதோறும் வெறுங்கையால் இழைத்தோம். 10 நாட்கள் ஒரு தீங்குமில்லை. 11-ஆம் நாட்காலை கைகள் கொப்புளித்தன, கண்ணிமைகள் திறக்கவில்லை.

மருத்துவர் விளக்கினார். முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தது ரெங்காஸ். துணிக்குக் குறியிடும் சேங்கொட்டை தோலைப் புண்ணாக்குவதை நம் முன்னோரும் அறிவர். முதல் தீண்டலில் வாளாவிருக்கும் உடல், பின்னொரு முறை தீண்டுங்கால் சீறி எழும். வேதனையும் ஓரிரு நாள் கழித்தே தோன்றும். எல்லா உடலும் ஒருபடித்தாய் இராமையின், ஒருவர் தப்ப மற்றவர் அல்லலுறுவர். முனியுமில்லை; சாக்குமில்லை.

ஆதலின், தோழர்களே, இம்மரத்தை அறுப்போரும் இழைப்போரும் கையுறையும் நீண்ட கைச்சட்டையும் முகமூடியும் அணிக. பால் பட்டால் உடனே சவுக்காரமும் மிகுந்த நீரும் கொண்டு கழுவுக. வாளையும் உடையையும் தனியே கழுவுக. உலர்ந்த பலகையின் தூளையும் நம்பற்க. துண்டுகளை அடுப்பிலிடல் கூடவே கூடாது. அப்புகை கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். முகம் வீங்கினால் பூசாரியிடமன்று, மருத்துவரிடம் செல்க.

நாம் செக்குரோலைத் திருத்தி அந்நாட்களை நோய்விடுப்பாக எழுதினோம். அவர் முன் நின்று மன்னிப்பும் கேட்டோம். "கண் தேறிவிட்டதா ஐயா?" என்பதே அவர் கேட்டது.

முனிக்கு அஞ்சியோர் ஒரு சேவலை இழந்தனர். வினவாது தீர்ப்பளித்த நமது படிப்போ ஓர் ஏழையின் கூலியைப் பறித்தது. இவற்றுள் எது பெரிய மூடத்தனமென்பதை வாசகர்களே முடிவு செய்க.