தொட்டால் சூடு இல்லை... ஆனாலும் நிமோனியா!

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். மூன்று ஏக்கர் நஞ்சையும் நான்கு கறவை மாடுகளும் இருக்கின்றன. அப்பாவுக்கு 76 வயது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் சம்பா நட்டுவிட்டால் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்புதான். போன ஐப்பசியில் அவருக்கு வந்த சளியில் நாங்கள் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு உதவும்.

தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் சின்னப் பையனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், மூக்கொழுகல். மூன்றாம் நாள் பட்டாசு வெடிக்க ஓடிவிட்டான். அவர்கள் ஊர் திரும்பியதும் அப்பாவுக்கு லேசான இருமல். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 99 டிகிரிகூட இல்லை. ஆனால், காலையில் கொடுத்த கஞ்சியை அப்படியே வைத்துவிட்டார். மடைக்குப் போகவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார். சாயங்காலம், "சம்பாவுக்கு நாத்து விட்டாச்சா?" என்று கேட்டார். நட்டு, முதல் களையும் எடுத்து முடித்திருந்தோம்.

பக்கத்து வீட்டு அண்ணன், "வயசாச்சு, மழைக்குளிர் ஒத்துக்கல. மருந்துக்கடையில ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடு, சரியாயிடும்" என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாடு ஒரு வேளை அசைபோடலன்னா டாக்டருக்கு போன் போடுறோம். மனுசன் ரெண்டு வேளையா சாப்பிடல. கெளம்பு தம்பி" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். 88 காட்டியது. உடனே 108-ல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சோதனையில் இன்ஃப்ளூயன்சா என்று வந்தது. எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. ஒன்பது நாள் படுக்கை. அதில் ஐந்து நாள் ஆக்சிஜன்.

"காய்ச்சலே இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் என்பது கிருமியை எதிர்த்து உடம்பு மூட்டுகிற தீ. வயது ஏற ஏற அந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதனால், கிருமி உள்ளே இருந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம். சாப்பாடு இறங்காதது, அசதி, மனக்குழப்பம், திடீரென்று தடுமாறி விழுவது இவைதான் பல பெரியவர்களுக்கு முதல் அறிகுறி. இருமிச் சளியை வெளியே தள்ளும் பலமும் குறைவதால், கிருமி நுரையீரலுக்குள் சுலபமாக இறங்கிவிடுகிறது.

இன்ஃப்ளூயன்சா மட்டுமல்ல, கொரோனாவும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸும் இப்படித்தான். குழந்தைக்கு வெறும் மூக்கொழுகலாகப் போவது, தாத்தாவுக்கு நிமோனியாவாக மாறலாம். ஆபத்து நுரையீரலோடு நிற்பதில்லை. ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று, கனடாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், பீடி குடித்துப் பழகியவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. வைரஸோடு பாக்டீரியாவும் சேர்ந்து நிமோனியா வந்தால்தான் அது தேவைப்படும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஃப்ளூவுக்கென்று தனி மாத்திரை இருக்கிறது. அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அதற்குப் பலன் அதிகம். 'நாலு நாள் பார்ப்போம்' என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால், முன்பு ஒரே மூச்சில் நடந்த வரப்பில் இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுகிறார். மண்வெட்டி என் கைக்கு வந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள். ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். 94-க்குக் கீழே போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. 90-க்குக் கீழே என்றால் 108. வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், அப்பாவிடம் போகும்போது முகக்கவசம் போட்டுக்கொள்கிறோம். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். விறகடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டோம். அப்பாவின் கட்டில் இப்போது ஜன்னல் ஓரம்.

மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கோமாரி ஊசி போடுகிறோம். ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், பெரியவர்களுக்கு வருடம் ஒரு தடவை ஃப்ளூ ஊசி போட வேண்டும். ஊசி போட்டாலும் சளி வரலாம். ஆனால், ஆபத்தான நிலைக்குப் போகும் வாய்ப்பு குறையும். போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். அதனால், ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. நாங்கள் காசு கொடுத்துத்தான் போட்டோம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி அலைச்சலோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நம் பெரியவர்கள். "உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல், சாப்பிட்ட தட்டைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள்.