மணி அடித்த பிறகு

எங்கள் துறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ‘ரெட்ரோ’ என்று உட்காருவோம். எது சரியாகப் போனது, எது சொதப்பியது, அடுத்து என்ன மாற்றலாம் என்று ஒரு மணி நேரம் பேசுவோம். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் என் அக்காவுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடையாது. மணி அடித்தால் அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும்.

வகுப்புக்கு முன்னால் பாடக்குறிப்பு எழுதியாக வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். வகுப்பில் நிஜமாக என்ன நடந்தது என்று எழுதும் நோட்டை யாரும் கேட்பதில்லை. அக்கா அதையும் வைத்திருக்கிறாள். நாளுக்கு நாலு வரி.

போன வருஷம் ஒரு பையன் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதினான். ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போயிருக்கலாம். அக்கா, “ஏன்டா அப்படி?” என்று கேட்டாள்.

“ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம், அப்புறம் மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே டீச்சர்?”

அன்றைய நோட்டில் இப்படி இருந்தது: “வேறொரு கேள்விக்குச் சரியான பதில். நான் சொன்னதில் எந்த இடத்தில் அவன் அந்தக் கேள்விக்குப் போனான்?” மறுநாள் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளோடு போனாள். ஒன்றில் பாதி, இன்னொன்றில் ஐந்தில் இரண்டு. “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, பாதியைவிடக் குறையுமா?” பையனே சிரித்துவிட்டான்.

‘தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்’ என்ற நூலை 1983-இல் எழுதிய டொனால்ட் ஷோன், செய்யும்போதே யோசிப்பது, செய்து முடித்தபின் யோசிப்பது என்று இதை இரண்டாகப் பார்த்தார். பையனிடம் காரணம் கேட்டது முதல் வகை. நோட்டு இரண்டாவது. ஜப்பானில் ஆசிரியர்கள் இதைக் கூட்டாகவே செய்கிறார்கள். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு அலசுவது பாடத்தைத்தான், நடத்தியவரை அல்ல.

அந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். ‘நான் நல்லா நடத்தினேனா?’ என்ற கேள்வி பெருமையிலோ குற்ற உணர்விலோ போய் முடியும். ‘இவன் எந்த இடத்தில் நின்றுவிட்டான்?’ என்ற கேள்விதான் நாளைய வகுப்பை மாற்றும்.

அந்தச் சிவப்புச் சுழிக்குப் பிறகு அவன் கை தூக்குவதையே நிறுத்தியிருக்கலாம். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது.